வடலூர் அடுப்பும் வண்ணார்பண்ணைக் கஞ்சியும்

லா சப்பலில் வள்ளலாரைப் பற்றிப் பேச வந்தால் நாவலரையும் பேசத்தான் வேண்டும். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் நாவலரின் ஊர்க்காரர்கள்.

ஆறுமுக நாவலர் 1822இல் நல்லூரில் பிறந்தார். இராமலிங்க அடிகள் 1823இல் மருதூரில் பிறந்தார். இருவரையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு நினைவு வருவது சண்டைதான். 1867இல் அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சாயின. திருமுறைகளுக்கு உரிய பெயரை வாழ்கிற ஒருவரின் பாட்டுக்கு எப்படிச் சூட்டலாம் என்று நாவலர் கேட்டார். விவகாரம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

அதே 1867இல், மே 23ஆம் தேதி, வடலூரில் அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலம் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. சாதி, சமயம் கேளாமல் அங்கே சோறு போடுகிறார்கள்.

அடிகளின் ‘சீவகாருணிய ஒழுக்கம்’ பசியிலிருந்து தொடங்குகிறது. பசி எல்லா உயிருக்கும் பொதுவானது. அதைப் போக்குவதே கடவுள் வழிபாடு. கொலையையும் புலாலையும் அவர் அறவே விலக்கினார். புலால் உண்பவரைப் ‘புறவினத்தார்’ என்று பிரித்தும் வைத்தார். ஆனால் அவர்களுக்குப் பசித்தாலும் சோறு போட வேண்டும் என்றார். மற்றவற்றில் வேறுபாடு பார்த்தவர் பசியில் பார்க்கவில்லை. கொல்லாமையை இவ்வளவு கடுமையாகப் பிடித்த ஒருவர் இப்படிச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாவலரும் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைக் கடுமையாக எதிர்த்தவர். 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அடிகள் மேட்டுக்குப்பத்தில் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயரில் முரண்பட்ட இருவரும் பசியின் முன்னால் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

இதை நாம் இந்தத் தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும். 2015இல் லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்த அகதிகள் நூற்றுக்கணக்கில் கூடாரமடித்துக் கிடந்தார்கள். ஜூன் 2ஆம் தேதி போலீஸ் அவர்களை அகற்றியது. நம் கடைகளுக்கு அடுத்த தெரு அது. நாமும் ஒரு காலத்தில் விசா இல்லாமல் வந்து இறங்கியவர்கள்தான். அவர்கள் மொழி வேறு, சமயம் வேறு, அவர்கள் சாப்பிடுவதும் வேறு. அடிகளின் கணக்கில் அவர்கள் புறவினத்தாராகவே இருக்கட்டும். அந்தக் கணக்கிலும் அவர்களுக்குச் சோறு உண்டு.

வள்ளலார் படத்துக்கு விளக்கேற்றுகிற நாமும், நாவலர் விழா எடுக்கிற நாமும் இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கேள்விகளுக்கு வருவோம்.