புல்லட் மோட்டார் சைக்கிளின் கியர்பாக்ஸ் மாற்றம்

புல்லட், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1956 முதல் தயாரிக்கப்பட்ட, காற்றால் குளிரூட்டப்படும் ஒற்றை உருளை எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள். இதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் நீண்ட காலம் தனித்தனி உறுப்புகளாக இருந்தன. அதனால் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டே வேறு கியர்பாக்ஸைப் பொருத்த முடிந்தது. நான்கு கியரிலிருந்து ஐந்து கியருக்கும், வலது காலிலிருந்து இடது காலுக்கும் புல்லட் மாறிய வரலாறு இந்த அமைப்பை ஒட்டியது.

பின்னணி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது. தாய்நாட்டில் நின்றுபோன ஒரு வடிவமைப்பு இங்கே பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பழைய கியர்பாக்ஸ்

புல்லட்டில் இருந்தது பர்மிங்காமின் ஆல்பியன் நிறுவனம் வடிவமைத்த வகையைச் சேர்ந்த நான்கு கியர் பெட்டி. அது எஞ்சின் உறையின் பின்புறத்தில் திருகுதண்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய். எஞ்சினின் சுழற்சியை இடப்பக்க உறைக்குள் ஓடும் சங்கிலி கிளட்சுக்குக் கொண்டுசென்றது.

கியர் மிதி வலப்பக்கத்திலும் பிரேக் மிதி இடப்பக்கத்திலும் இருந்தன. முதல் கியருக்கு மிதியை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இரண்டு கியர்களுக்கு நடுவே பெட்டி சிக்கிக்கொண்டு வண்டி இழுவையின்றி ஓடுவதும் உண்டு. இதன் சிறப்பு, நியூட்ரலுக்கென இருந்த தனி நெம்புகோல். இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களில் எதிலிருந்தும் குதிகாலால் அதை ஒரு முறை அழுத்தினால் வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் அடிக்கடி நிற்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இடது காலுக்கு மாற்றம்

வலது கால் கியர் பழைய பிரிட்டிஷ் வழக்கம். 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைக் கட்டாயமாக்கியது. அங்கு ஏற்றுமதியான புல்லட்டுகளில், கியர்பாக்ஸை மாற்றாமல் மிதியின் அசைவை மட்டும் குறுக்குத் தண்டு வழியாக இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தனர். இந்தியாவிலும் ராஜ்தூத், யெஸ்டி போன்றவற்றில் கியர் இடப்பக்கமே இருந்தது. 1980களில் ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகளான ஹீரோ ஹோண்டா, இந்த்-சுசுகி ஆகியவை பரவிய பிறகு புல்லட் தனித்து நின்றது.

ஒரு வண்டியிலிருந்து மற்றதற்கு மாறுபவருக்கு இது பாதுகாப்புச் சிக்கலும்கூட. அவசரத்தில் கால் பழகிய பக்கத்தையே அழுத்தும். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் கியர் இருந்தால் வண்டி நிற்காது.

1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு நிறுவனம் வந்தபின் புதிய ஐந்து கியர் பெட்டி உருவானது. 2002இல் தண்டர்பேர்டு அதனுடன் வெளிவந்தது. மிதி இடப்பக்கம், முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இதுவும் பொருந்தியது. கியர்களுக்கிடையேயான விகித இடைவெளி குறைந்ததால் கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் சட்டென்று விழுவதும் குறைந்தது. நியூட்ரல் நெம்புகோல் மட்டும் இல்லாமல் போனது.

பழைய வண்டிகளில் பொருத்துதல்

இந்தப் பொருத்தத்தால், நான்கு கியர் புல்லட் வைத்திருப்பவர்களும் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தத் தொடங்கினர். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. இடப்பக்க உறை, கிளட்ச், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றினால் பெட்டியைத் தனியே எடுக்கலாம். கடினமான வேலை பிரேக்கில்தான்: கியர் இடப்பக்கம் வந்தால் பிரேக் மிதியையும் அதன் இணைப்புகளையும் வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்கவும் பழைய பழக்கத்தைக் காக்கவும், மிதி வலப்பக்கமே அமைந்த ஐந்து கியர் பெட்டியை நாடுவோரும் உண்டு. பழைய வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்போர் நான்கு கியர் பெட்டியையே பழுதுபார்த்து ஓட்டுகின்றனர்.

ஒருங்கிணைந்த எஞ்சின்

2009இல் இந்தியாவில் அறிமுகமான கிளாசிக் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அமைந்தன. அதைத் தொடர்ந்து புல்லட்டும் இவ்வமைப்புக்கு மாறியது. எண்ணெய்க் கசிவும் பராமரிப்பும் குறைந்தன. ஆனால் எஞ்சினைத் தொடாமல் கியர்பாக்ஸை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டும் வாய்ப்பு, தனிப் பெட்டி கொண்ட பழைய புல்லட்டுகளோடு நின்றுவிட்டது.