மாண்டேகு எதிர்த்த பிரகடனம்

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய சென்னைப் பகுதிகளின் வரலாற்றையும் பாலஸ்தீனச் சிக்கலின் தொடக்கத்தையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு: எட்வின் மாண்டேகு. நம் பாடநூல்கள் அவரை மாண்டேகு - செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தோடு விட்டுவிடுகின்றன. யூதரான அவர், யூதர்களுக்குத் தாயகம் வாக்களித்த பால்ஃபர் பிரகடனத்தைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

1917 ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவுக்கான அமைச்சர் என்ற முறையில், இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சியை உருவாக்குவதே பிரிட்டனின் கொள்கை என்று மாண்டேகு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்றே நாள்களில், அதாவது ஆகஸ்ட் 23 அன்று, தம் அரசின் கொள்கையே யூத வெறுப்புக்கு வழிகோலும் என்று அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு எழுதினார். யூதம் ஒரு சமயம், தனித் தேசிய இனம் அன்று. பாலஸ்தீனத்தை யூதர் தாயகமாக அறிவித்தால் பிற நாடுகள் தம் யூதக் குடிமக்களை அந்நியராக்கும். அங்கு வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வெளியேற்றப்படுவர் என்பவை அவருடைய வாதங்கள்.

போர்க்கால பிரிட்டன் ஒரே நிலத்தைப் பலருக்கும் காட்டியிருந்தது. எகிப்திலிருந்த மக்மஹோன் 1915-16-இல் மெக்காவின் ஷெரீப் ஹுசைனுக்கு அரபு விடுதலையை வாக்களித்தார். 1916 மே மாதம் சைக்ஸ் - பிக்கோ ஒப்பந்தம் அரபு நிலங்களைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பங்கிட்டது. மாண்டேகு இந்தியாவுக்குக் கிளம்பிய பின், 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபரின் கடிதம் வெளிவந்தது. பிற நாடுகளில் வாழும் யூதரின் அரசியல் நிலை பாதிக்கப்படாது என்ற உறுதி அதில் இடம்பெற்றதில் மாண்டேகுவின் எதிர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால், பாலஸ்தீன மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரான அரபுகள் அக்கடிதத்தில் 'யூதரல்லாத சமூகங்கள்' மட்டுமே. அவர்களுக்குக் குடியுரிமைகளும் சமய உரிமைகளும் கூறப்பட்டன. அரசியல் உரிமை கூறப்படவில்லை.

அந்த டிசம்பரில் மாண்டேகு சென்னைக்கு வந்தார். ஆகஸ்ட் வாக்குறுதிக்கு இங்கு ஒவ்வொரு தரப்பும் தனித்தனிப் பொருள் கண்டிருந்தது. அடையாற்றின் அன்னி பெசன்ட், தன்னாட்சி கேட்டதற்காகக் காவலில் வைக்கப்பட்டு செப்டம்பரில்தான் விடுதலையாகியிருந்தார். மயிலாப்பூரின் எஸ்.சுப்பிரமணிய ஐயர், தன்னாட்சிக்கு ஆதரவு கோரி அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதியவர். அதற்குக் கண்டனம் எழுந்ததும் 1918-இல் தம் பட்டங்களையே துறந்தார். பிற்காலத்தில் தியாகராய நகருக்குத் தம் பெயரைத் தந்த பி.தியாகராய செட்டியாரின் தென்னிந்திய நல உரிமைச் சங்கமோ, பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கோரியது. பொறுப்பாட்சி என்ற சொல்லும் வேண்டுமென்றே நெகிழ்வாக அமைக்கப்பட்டதுதான். தன்னாட்சி என்ற சொல்லைத் தவிர்த்து அதைப் புகுத்தியவர் கர்சன் பிரபு. ஆயினும் தரப்புகள் கேட்கப்பட்டன. அவற்றின் வேறுபாடுகள் ஏட்டில் ஏறின.

பிரிட்டன் நம்மை நேர்மையாக நடத்தியது என்று சொல்ல வரவில்லை. 1919-இல் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அந்த வாக்குறுதியின் மதிப்பைக் காட்டின. எனினும், வாக்குறுதிக்கு முன் பாலஸ்தீனத்து மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அம்மக்களின் கதி என்ன என்று அமைச்சரவையில் வினவியவரும் அதே கர்சன்தான், விடை கிடைக்கவில்லை. 1919-இல் அமெரிக்காவின் கிங் - கிரேன் குழு நேரில் விசாரித்து, பெரும்பான்மையினர் எதிர்ப்பதாக அறிக்கை தந்தது. அதுவும் புறக்கணிக்கப்பட்டது.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனப் பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. தன் பிரிவினையின் துயரை அது கண்டு மூன்றரை மாதங்களே ஆகியிருந்தன.

யூதரின் துயரம் பொய்யன்று. பாதுகாப்பான ஓர் இடத்துக்கான அவர்களின் ஏக்கமும் பொய்யன்று. ஆனால், ஒரு மக்களுக்குத் தரும் வாக்குறுதியில் இன்னொரு மக்களின் பெயரைக்கூட எழுதாமல் விட்டால், அந்த விடுபடல் தலைமுறைகளைத் தாண்டியும் கணக்குக் கேட்கும். இன்றும் அமைதித் திட்டம் எதையேனும் படிக்கும்போது, யாருக்கு என்ன தரப்படுகிறது என்பதோடு, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதையும் தேட வேண்டும்.