எடைக்குப் போட்ட பிடில்

ஆனியில் சாரல் கட்டிவிட்டால் ஐந்தருவிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தீப்பெட்டி முதல் அப்பளம் வரை எல்லாம் நமுத்துப் போகும். அப்படியொரு சாரல் காலத்தில்தான், 1972-ல், அப்பாவின் கிராமபோன் தட்டுகளைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டேன். அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. பெட்டியும் ரிப்பேர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அவற்றில் ஏழெட்டு துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவின் பிடில். வயலின் என்று அப்பா சொன்னதே இல்லை, பிடில்தான். அரக்குக் கலந்து செய்த தட்டு, கை தவறினால் ஓடு மாதிரி உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். கச்சேரியில் அரைமணி நேரம் ஆலாபனை செய்கிற வித்வானும் அதற்குள் ராகத்தைக் காட்டி முடிக்க வேண்டும். ஊசி மாற்றுவது என் வேலை.

பிடில் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். பின்னாளில் நம் பக்கத்து எட்டயபுரத்திலேயே சமஸ்தான வித்வானாக இருந்தார்.

வாங்கிய கடனைத் திருப்பியதுபோல, நம் சங்கீதமும் பிறகு அங்கே போயிற்று. அலென் தனியேலு என்ற பிரெஞ்சுக்காரர் காசியில் பல வருஷம் தங்கி வீணை கற்றவர். 1954-ல் சென்னை அடையாறு நூலகத்துக்கு இயக்குநராக வந்தார். அவர் தொகுத்த இந்திய சங்கீதப் பதிவுகள் யுனெஸ்கோ ஆதரவில் 1955-ல் மூன்று எல்.பி. தட்டுகளாகப் பிரான்சில் வெளிவந்தன. ரவிசங்கர், அலி அக்பர் கானோடு நம் டி.கே. பட்டம்மாளும் அதில் உண்டு. ராகம் என்றால் என்னவென்றே அறியாத பிரெஞ்சுக்காரர்களுக்காகப் போட்டது. 1997-ல் அதையே சி.டி.யாக மறுபடி வெளியிட்டார்கள்.

பாண்டிச்சேரியில் வேலை பார்த்த என் தம்பி அடுத்த வருஷம் அதை வாங்கி வந்தான். வெளியே சாரல். பட்டம்மாள் குரல் நேற்றுப் பாடியதுபோல் இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், முடிந்ததும், "அப்பாவோட பிடில் பிளேட்டு எங்கடா?" என்றாள். இருபத்தாறு வருஷம் கழித்து முதல் தடவையாகக் கேட்டாள்.

மொழி தெரியாத ஊரில் நாற்பது வருஷம் பத்திரமாக இருந்தது பாட்டு. நம் வீட்டுப் பிடில் ஒரு சாரலைத் தாண்டவில்லை. துவாரத்தின் வாசிப்பை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம், சேகரித்து வைத்த புண்ணியவான்கள் தயவு. ஆனால் அப்பா கைபட்டுக் கீறல் விழுந்து, ஒரே இடத்தில் நின்று நின்று பாடிய அந்தத் தட்டு அதில் வராது.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுமுன் லேபிளில் யார் பெயர் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கள் பரணை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஊசி டப்பா மட்டும் கிடைத்தது.