நார்த்தாமலையில் கேட்ட ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் பொருட்டுப் பாங்காக் சென்று நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். அரண்மனையைக் கண்டேன், மரகத புத்தரை வணங்கினேன், சாவோ பிரயா ஆற்றில் படகேறினேன். ஊர் திரும்பியதும் 'தாய்லாந்து பார்த்துவிட்டு வந்தேன்' என்றே எல்லாரிடமும் சொன்னேன். அது பிழையான வாக்கியம் என்பது அடுத்த மாதம் மாணவர்களுடன் நார்த்தாமலை ஏறியபோதுதான் உறைத்தது.

திருச்சி - புதுக்கோட்டைச் சாலையை விட்டுச் சற்றே விலகியிருக்கும் குன்றுக் கூட்டம் நார்த்தாமலை. அதில் மேலமலைச் சரிவில் விசயாலய சோழீசுவரம் நிற்கிறது. அதற்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. சிறியதன் பெயர் பழியிலி ஈசுவரம். பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது.

நிருபதுங்கனின் தந்தை மூன்றாம் நந்திவர்மன். நந்திக்கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவனான இவனுக்கு 'அவனிநாரணன்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. இதை மாணவர்களுக்கு விளக்குகையில், தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் குறிப்பிட்டேன். அங்கு தோண்டப்பட்ட குளமொன்றுக்கு 'அவனிநாரணம்' எனப் பெயரிடப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் காவலில் விடப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. மணிக்கிராமம் வணிகர் குழு. அப்பெயரில் ஒரு குழு நம் மாவட்டத்துக் கொடும்பாளூரிலும் இருந்தது. மகனின் ஆட்சியாண்டு இங்கே பாறையில். தந்தையின் பெயர் கடலுக்கப்பால் ஒரு குளத்தில்.

கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, போன மாதம் தாய்லாந்து போனீர்களே, அந்த ஊரைப் பார்த்தீர்களா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். பாங்காக்கிற்குத் தெற்கே நூற்றுக்கணக்கான கல் தொலைவில், மேற்குக் கரையில் இருக்கிறது தகுவாபா. போக நேரமில்லை என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். உண்மையில், போக வேண்டும் என்ற நினைவே எனக்கு எழவில்லை.

பாங்காக் தலைநகரானது 1782இல். தகுவாபாக் கல்வெட்டு அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் மூத்தது. அயல்நாட்டைத் தலைநகரின் வழியாக அறிவது விமானப் பயணம் நமக்குப் பழக்கிவிட்ட வழி. நம் பழைய வணிகர்கள் சரக்கு இருந்த இடத்தைத் தேடிச் சென்றார்கள். சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர், கற்பூரத்திற்குப் பெயர்பெற்றது. அதனருகே லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் அங்கே கூடி, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையையொட்டிப் பொன் செலுத்த வேண்டுமென முடிவு செய்ததைச் சொல்கிறது. எந்த அரசனின் தலைநகரும் அன்று அது.

அதற்காகத் தலைநகரங்களைப் பழிப்பதும் சரியன்று. பர்மாவின் பழைய தலைநகரான பாகனிலும் வணிகர் தடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே 'நானாதேசி விண்ணகர்' என்ற திருமால் கோயில் இருந்ததை ஒரு தமிழ்க் கல்வெட்டு காட்டுகிறது. அதே நூற்றாண்டில் நார்த்தாமலையின் பெரிய குடைவரை 'பதினெண்பூமி விண்ணகரம்' எனப்பட்டது. அதுவும் வணிகக் குழுவின் பெயரே. பாரூசின் கல்வெட்டும் இன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. தலைநகருக்குப் போகலாம், ஆனால் அங்கேயே நாடு முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

இந்தப் பிழையை நாம் அயல்நாட்டில் மட்டும் செய்வதில்லை. விசயாலய சோழீசுவரம் என்ற பெயரைக் கேட்டதும் தஞ்சையைப் பிடித்த விசயாலயன் கட்டியது என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். கோயிலின் கல்வெட்டோ, இளங்கோவதியரையன் எனப்பட்ட சாத்தன் பூதி எடுத்த கற்றளி மழையால் சிதைய, மல்லன் விதுமன் அதைப் புதுப்பித்தான் என்கிறது. இவர்கள் இவ்வட்டாரத்துத் தலைவர்கள். தலைநகரின் பெயர் உள்ளூர்க்காரனின் உழைப்பை விழுங்கிவிட்டது. அதற்கு நானும் துணை போயிருக்கிறேன்.

ஊரின் பெயரில் மட்டும் வேறு கதை நடந்திருக்கிறது. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரால் இவ்வூர் 'தெலுங்க குலகாலபுரம்' என வழங்கியதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். இன்று அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. நகரம் என்றால் வணிகர் அவை. அந்த நகரத்தாரின் மலை 'நகரத்தார் மலை'. அதுவே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. பேருந்து நடத்துநர் இன்றும் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார்.

மலையிறங்கும்போது அம்மாணவி, "அடுத்த முறை போனால் அந்த ஊருக்கும் போவீர்களா ஐயா?" என்று கேட்டாள். போவேன் என்றேன். அன்று முதல், 'தாய்லாந்து பார்த்தீர்களா?' என்று எவரேனும் கேட்டால், பாங்காக் பார்த்தேன் என்று மட்டுமே சொல்கிறேன்.