பிடி அரிசியும் பள்ளிக்கூடச் சோறும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஊர் கைகொடுக்கும் வழக்கம் அரசுத் திட்டங்களுக்கு மூத்தது. மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. மேற்கே மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனமும் மாந்தோப்பும் உண்டு. கிழக்கே போகப்போக வானம் பார்த்த கரிசல். மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே முதலில் குறைவது பிள்ளைகளின் கஞ்சி, அடுத்து நிற்பது படிப்பு. ஆட்சி எல்லைகள் மட்டும் பலமுறை மாறின. திருநெல்வேலியில் இருந்த இப்பகுதி 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் கொடை ஆசிரியர் வழியாகவே போயிற்று. அவருக்கு மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நெல், காய்கறி, பண்டிகைக்கு வேட்டி என்று வீடுகள்தோறும் வருவதே வருமானம். நவராத்திரியில் பிள்ளைகள் அலங்கரித்துக்கொண்டு, பாட்டுப் பாடி வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குக் காணிக்கை திரட்டுவார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு மாறியதால் எழுதுபொருளுக்குச் செலவு கிடையாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. கோயிலூர்ச் சத்திரங்களின் அன்னதானமும் அப்படித்தான்: பந்தியில் யாருக்கு இலை போடுவது என்பதைப் பசி முடிவு செய்யவில்லை, சாதி முடிவு செய்தது.

இந்த வட்டாரத்தின் தனி அடையாளம் என்று சொல்லத்தக்க முறை விருதுநகரில் உருவானது. அங்கே 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு இரண்டு வரவுகள் இருந்தன. ஒன்று, வியாபாரிகள் விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று தம் சமூகச் சங்கமான உறவின்முறைக்குக் கொடுத்த மகமை. மற்றொன்று பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பாள். வீடு வீடாக அதைச் சேகரித்து வந்த காசு பள்ளிக்குச் சேரும். உலையிலிருந்து ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரு முழுவதும் கூடினால் அது மூட்டைக் கணக்கு. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் சிறுவயதில் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

ராஜபாளையத்தில் வழி வேறு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபின் நூற்பாலைச் சம்பளம் ஊரின் முக்கிய வருமானமாயிற்று. கல்விக்கொடையும் ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகளைச் சார்ந்து வளர்ந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் உண்டு. புத்தகம் வாங்க வழியில்லாதவனும் உட்கார்ந்து படிக்கலாம் என்ற ஏற்பாடு அவ்வளவு முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டது.

பள்ளியிலேயே சோறு போடும் யோசனை சென்னையிலிருந்து வந்தது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு தந்தது. ஆங்கிலேய அரசு பணம் தர மறுத்ததால் சில ஆண்டுகளில் அது சுருங்கியது.

1954-இல் காமராசர் முதலமைச்சரானார். மாடு மேய்த்த சிறுவன் ஒருவன் அவரிடம் "பள்ளிக்கூடம் போனா சோறு போடுவியா?" என்று கேட்ட கதையைப் பல ஊர்கள் தம்முடையது என்று உரிமை கொண்டாடுகின்றன. கதையைவிடக் கணக்கு சுவையானது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முதலில் ஊராரையே உணவு போடச் சொன்னார். அரசு மானியம் அடுத்து வந்தது. செலவில் 60 விழுக்காடு அரசுடையது, 40 விழுக்காடு ஊருடையது. மகமையும் பிடி அரிசியும் பழகிய வட்டாரத்துக்கு அந்த நாற்பது புதிதல்ல. விளைச்சலின்போது நெல்லாகவும் பருப்பாகவும் விறகாகவும் வந்தது. மகமை ஒரு சமூகத்தின் வட்டத்துக்குள் சுழன்றது, மதிய உணவோ எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டட நிலம் என்று வழங்கினர். சீருடையும் அதே காலத்தில் பரவியது.

1961-இலிருந்து 'கேர்' என்னும் அமெரிக்க அமைப்பின் பால்பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்தன. பால்கோவாவுக்குப் பேர்போன வட்டாரத்திலும் பள்ளிப் பிள்ளையின் தம்ளருக்குக் கடல் கடந்த பால்தான் வந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரின் பங்கு பெரும்பாலும் மறைந்து முழுச் செலவும் அரசுடையதாயிற்று. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊர்ப் பெண்களுக்கு, குறிப்பாகக் கணவனை இழந்தோருக்கு, வேலையும் கிடைத்தது. முதலில் கிராமப் பள்ளிகள், செப்டம்பரில் நகரங்கள், 1984-இல் 15 வயது வரை உள்ளவர்கள் என்று திட்டம் விரிந்தது. தட்டும் துணிப்பையுமாகப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 1989-இல் வந்த முட்டை 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது.

சோறு மட்டும் எல்லாரையும் இழுத்துவிடவில்லை. கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டும் வேலை அன்றன்றைக்குக் கூலி கொடுத்தது. விடிவதற்கு முன்பே பிள்ளைகளை ஏற்றிச்செல்லப் பேருந்து ஊருக்குள் வந்து நிற்கும். பள்ளியின் ஒருவேளைச் சோறு அந்தக் கூலிக்கு ஈடாகவில்லை. 1987-இன் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையைத் தொடர்ந்து சிவகாசியில் தொடங்கிய சிறப்புப் பள்ளிகள் உணவோடு உதவித்தொகையும் கொடுத்தது இதனால்தான்.

விலையில்லாப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் இப்போது அரசின் பட்டியலில் உள்ளன. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. ஆகவே கொடையாளர் பக்கம் எஞ்சுவது பட்டியலுக்கு வெளியே உள்ளவை: பீரோ, மின்விசிறி, குடிநீர்த் தொட்டி, தாய் தந்தை இல்லாத பிள்ளைக்கு ஜூன் மாதச் செலவு. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல ஊர்களில் இவை கல்விச் சீர் என்ற பெயரில் வருகின்றன. கல்யாணச் சீர் போலவே மேளம் முன்னே செல்ல, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டும் ஜியோமெட்ரி பாக்ஸும் பூவோடு அடுக்கி எடுத்துவர, பின்னால் வண்டியில் நாற்காலிகள் வரும். வாசலில் தலைமையாசிரியர் வரவேற்பார். பீரோக் கதவில் உபயதாரர் பெயர், விலாசத்தோடு, பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் இருக்கும்.