கியர் ராடு ரொம்ப தூரம் இழுக்குதா? ‘ஷார்ட் ஷிஃப்டர்’ மாட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மேனுவல் கியர் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஷார்ட் ஷிஃப்டருக்கும் கனமான கியர் நாப்புக்கும் தனி மவுசு உண்டு. கியர் ராடை இழுக்கும் தூரம் குறையும், ‘டக் டக்’னு கியர் விழும் என்பதுதான் ஈர்ப்பு. அது உண்மைதான். ஆனால் இதை மாட்டினால் கார் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்ஜின் பவரில் எந்த மாற்றமும் இருக்காது.

எப்படி வேலை செய்கிறது?

கியர் ராடு ஒரு நெம்புகோல். நடுவில் உள்ள ஒரு மூட்டில் அது ஆடுகிறது. அந்த மூட்டுக்கு மேலே 200 மி.மீ., கீழே 50 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனை 20 மி.மீ. நகர்ந்தால் கியர் விழும் என்றால், மேலே கை 80 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 67 மி.மீ. ஆக நீட்டினால் கை சுமார் 60 மி.மீ. நகர்ந்தால் போதும். தூரத்தில் கால்வாசி மிச்சம். ஆனால் முன்பு 3 கிலோ அழுத்தம் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 4 கிலோ தேவைப்படும். டிராஃபிக்கில் தினமும் ரெண்டு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு இது கை வலிக்கிற விஷயம்.

இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் ரெண்டு கேபிள்கள் மூலம்தான் கியர் மாறுகிறது. இவற்றில் சில கிட்கள் உள்ளே இருக்கும் ராடை மாற்றும். வேறு சில, கியர்பாக்ஸ் மேலே கேபிள் இணையும் சின்னக் கையை மாற்றும். எது உங்கள் மாடலுக்கானது என்று உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது. ஏஎம்டி, ஆட்டோமேட்டிக் கார்களில் இதற்கு வேலையே இல்லை.

உண்மையான ஆபத்து எங்கே?

தவறான கியரில்தான். சில கிட்கள் முன்பின் தூரத்தோடு பக்கவாட்டுத் தூரத்தையும் குறைத்துவிடும். 2-க்கும் 4-க்கும் இடைவெளி நெருங்கிவிடும். நெடுஞ்சாலையில் 5-வது கியரில் 3,000 ஆர்பிஎம்மில் போகும்போது 4-க்குப் பதில் 2-வது விழுந்து கிளட்சை விட்டால், பல கார்களில் இன்ஜின் 7,000 ஆர்பிஎம்மைத் தாண்டிவிடும். ரெவ் லிமிட்டர் இருக்கே என்று கேட்கலாம். அது எரிபொருளைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுற்றுவதோ சக்கரங்கள். வால்வு பிஸ்டனில் மோதினால் செலவு கிட் விலையைப் போல் பல மடங்கு.

அடுத்தது சின்க்ரோ வளையம். கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்கு வர அது கொஞ்சம் நேரம் எடுக்கும். ராடு குட்டையானாலும் அந்த நேரம் குறையாது. அவசரப்பட்டுத் திணித்தால் ‘கரக்’ சத்தம்தான் வரும், வளையம் தேயும்.

மாட்டும்போது கவனம்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட் நடு கன்சோலுக்கு அடியில், கியர் ராடுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து கன்சோலில் கை வைப்பது நல்லது. அந்த யூனிட்டை ஸ்பானரால் தட்டிவிடக் கூடாது.

நாப் சில கார்களில் திருகு, சிலவற்றில் அழுத்தி மாட்டிய வகை. அழுத்தி மாட்டியதை மேலே இழுக்கும்போது முகத்தை விலக்கி வைங்க. திடீரென்று கழன்று தாடையில் இடிக்கும். திருகு வகையிலும் அளவு ஒன்றல்ல. நிசான், மாஸ்டாவில் பொதுவாக எம்10, 1.25 பிட்ச். ஹோண்டாவில் எம்10, 1.5. டொயோட்டாவில் எம்12, 1.25. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் நாப்கள் பக்கவாட்டில் மூணு குட்டி ஸ்க்ரூவை நம்பி நிற்பவை. அது தளர்ந்தால் ஓட்டும்போது நாப் கையோடு வந்துவிடும்.

ரிவர்ஸ் பூட்டையும் பாருங்க. ஹூண்டாய் கார்கள் பலவற்றில் நாப்புக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். வெளி நாப் அந்த வளையத்துக்கு இடம் விடாவிட்டால் ஒன்று ரிவர்ஸே விழாது, அல்லது தடுப்பு இல்லாமல் விழும். ரெண்டுமே ஆபத்து.

மாட்டி முடித்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் எல்லா கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தபடி இன்ஜினை ஆன் செய்து மறுபடி ஒரு முறை. ஏதாவது கியர் முழுசாக விழாமல் பாதியில் நின்றால் கேபிளைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறக்கக் கூடாது.

பழைய காரா? முதலில் புஷ்ஷைப் பாருங்க

ராடு தொளதொளவென்று ஆடுகிறது என்பதற்காகவே பலர் ஷார்ட் ஷிஃப்டர் தேடுகிறார்கள். பல நேரம் காரணம் தேய்ந்த நைலான் புஷ் அல்லது கேபிள் முனை. அதை மாற்றினாலே பிரச்சினை தீரலாம், செலவும் குறைவு. தேய்ந்த புஷ்ஷோடு கிட்டை மாட்டினால் ஆட்டம் அப்படியே இருக்கும்.

நாப் மட்டும் மாற்றினால் போதும் என்பவர்கள் பொருளைக் கவனிக்க வேண்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காரில் ஸ்டீல் நாப்பைத் தொட்டால் கை சுட்டுவிடும். நம்ம ஊருக்கு லெதர் சுற்றியதோ பிளாஸ்டிக்கோ மேல்.

வாரண்டியில் உள்ள கார் என்றால், வெளி பாகத்தால்தான் கியர்பாக்ஸ் பழுது என்று சொல்லி இலவசப் பழுதுபார்ப்பை மறுக்க வாய்ப்புண்டு. எனவே சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்க. கழற்றிய பழைய ராடையும் நாப்பையும் வீட்டில் வைத்திருந்தால் பிடிக்காதபோது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.