யோகமும் முஸ்லிம் அறிஞர்களும்: திருவண்ணாமலையை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

பதஞ்சலியின் யோக சூத்திரம் அளவிற் சிறியதொரு நூல். படிக்குப் படி எண்ணிக்கை சற்றே வேறுபட்டாலும் 195 அல்லது 196 சூத்திரங்களே அதில் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றிப் பேசுவன இரண்டாம் பாதத்தில் வரும் மூன்று மட்டுமே. அம்மூன்றும் ஆசனங்களின் பெயர்களைக் கூறவில்லை. அவற்றின் தொகையையும் கூறவில்லை. அமரும் நிலை அசைவற்றதாகவும் இடரற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தோடு நின்றுவிடுகின்றன. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பகுதி மனத்தின் அலைவு, அஃது அடங்கும் விதம், அடங்கியபின் ஆன்மா எய்தும் தனிநிலை ஆகியவற்றைப் பற்றியதாகும்.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்து செல்வோர், யோகா வகுப்புகளுக்கான அறிவிப்புப் பலகைகளையும் சுருட்டிய பாயைத் தோளில் மாட்டிச் செல்லும் வெளிநாட்டினரையும் காண்பர். தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'யோகம்' என்னும் சொல் மேனாடு சென்று 'யோகா'வாகத் திரும்பி வந்தபோது, அதன் பொருளும் பெரும்பாலும் உடலோடு சுருங்கிவிட்டது. 2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. அதன்பின் இது பள்ளிக்கூடங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உரிய செய்தியாயிற்று.

"யோகா செய்யலாமா, ஹள்ரத்?" என்று அரபுக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கின்றனர். மார்க்கத் தீர்ப்புகள் ஏற்கனவே உள்ளன. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு, வழிபாட்டுக் கூறும் மந்திர உச்சாடனமும் கலந்த யோகாப் பயிற்சியை விலக்கிற்று. 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா சபை, உச்சாடனத்தோடு கூடியதை விலக்கி, வெறும் உடற்பயிற்சியாக அமைவதை அனுமதித்தது. இத்தீர்ப்புகளோடு எமக்கு மாறுபாடில்லை. ஆயினும் இவை விடையளிப்பது பாயின்மேல் நிகழும் யோகாவுக்கே. முதுகை வளைப்பதில் கொள்கை ஏதுமில்லை. கொள்கை இருப்பது, 'நான்' என்பது யாது, விடுதலை என்பது யாது என்னும் வினாக்களில். அவ்வினாக்களை முன்னைய முஸ்லிம் அறிஞர்கள் அச்சமின்றிப் படித்தார்கள். உடன்பட்ட இடத்தில் உடன்பட்டார்கள். பிரிந்த இடத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். அவ்வரலாற்றை நம்மவருள் பலர் மறந்துவிட்டமையால்தான் யோகம் என்றவுடன் ஒரு சாராருக்கு அச்சமும், மற்றொரு சாராருக்கு அளவிறந்த மயக்கமும் ஏற்படுகின்றன.

இவ்வரலாற்றில் முதலில் நிற்பவர் அபூரைஹான் அல்பிரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அவர், கஜ்னி மஹ்மூதின் காலத்தில் இந்தியாவைக் கண்டார், சமஸ்கிருதம் கற்றார், 1030ஐ ஒட்டி 'தஹ்கீகு மாலில் ஹிந்த்' என்னும் பெருநூலை முடித்தார். அதற்கு முன்னரே பதஞ்சலியின் நூலை ஓர் உரையோடு சேர்த்து அரபியாக்கியிருந்தார். 'கிதாபு பாத்தன்ஜல்' என்பது அதன் பெயர். ('பழம்' என்பதன் முதலொலி அரபியில் இல்லை. ஆகவே பதஞ்சலியார் அங்கே 'பாக்கியம்' என்பதன் முதலொலியோடு வாழ்கிறார்.) பன்னூறு ஆண்டுகள் மறைந்து கிடந்த இந்நூலின் கையெழுத்துப் படியை இஸ்தான்பூலில் பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் கண்டறிந்தார், ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர் 1956இல் அதைப் பதிப்பித்தார்.

இம்மொழிபெயர்ப்பு அரபு பயில்வோர்க்கு ஒரு பெருவிருந்து. சூத்திரங்களின் இறுகிய நடையை அல்பிரூனி தளர்த்தி, நூல் முழுவதையும் வினாவும் விடையுமாக அமைத்துள்ளார். 'தேவர்' என வருமிடத்தில் 'மலாஇகா' என்றும், 'ஈசுவரன்' என வருமிடத்தில் 'அல்லாஹ்' என்றும் எழுதுகிறார். மோட்சம் அவருக்குக் 'கலாஸ்', அதாவது சிக்கலிலிருந்து விடுபடுதல். சொல்லளவில் இஃது அளவுகடந்த தாராளம் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் அதே அறிஞர் தம் இந்திய நூலில், முஸ்லிமுக்குக் கலிமா எவ்வாறு அடையாளமோ அவ்வாறே மறுபிறப்புக் கொள்கை இந்துவுக்கு அடையாளம் என்று வரையறுத்துச் சொல்கிறார். சொல்லைப் பொதுவாக்கியவர் கொள்கையைக் குழப்பவில்லை. பதஞ்சலியின் கருத்துகளோடு ஒப்பிட அபூயஸீத் பிஸ்தாமி, ஷிப்லி ஆகிய சூஃபிகளின் கூற்றுகளை எடுத்து வைக்கும்போதும், ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று அவர் சாதிக்கவில்லை.

அவ்வாறு சாதிக்க முற்பட்டவர்கள் பின்னாளைய ஐரோப்பியரே. தஸவ்வுஃப் முழுவதும் இந்தியாவிலிருந்து கடன் வாங்கியது என்னும் கூற்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து பலமுறை எழுந்துள்ளது. பிஸ்தாமிக்கு அபூஅலீ அஸ்ஸிந்தி என்னும் ஆசான் இருந்தார் என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, 1960இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஸேனர் ஒரு பெரிய கட்டடத்தையே எழுப்பினார். 'ஸிந்தி' என்னும் ஒரு சொல் தாங்கக்கூடிய பாரமன்று அது. சூஃபிகளின் கலைச்சொற்கள் திருக்குர்ஆனை இடையறாது ஓதி உள்வாங்கியதிலிருந்து விளைந்தவை என்பதை மாசிஞோன் 1922ஆம் ஆண்டின் தம் ஆய்விலேயே விரிவாகக் காட்டியிருந்தார். யோக நூலின் அரபுப் படியைக் கண்டெடுத்தவரே இம்முடிவுக்கு வந்தவரும் ஆவார் என்பது கவனத்திற்குரியது.

இரண்டாவது கட்டம் வங்காளத்தில் தொடங்குகிறது. 'அமிர்தகுண்டம்' என்னும் யோக நூல் 'ஹவ்ளுல் ஹயாத்' என்னும் பெயரில் பத்து அத்தியாயங்களாக அரபியில் வந்தது. காமரூபத்து யோகி ஒருவர் லக்னௌதி நகருக்கு வந்து, காழி ருக்னுத்தீன் சமர்கந்தியோடு வாதிட்டு, இஸ்லாத்தை ஏற்று, இந்நூலை அளித்தார் என்று அதன் முன்னுரை கூறும். கார்ல் எர்ன்ஸ்ட் முதலிய இக்கால ஆய்வாளர்கள் அம்முன்னுரையை அப்படியே வரலாறாகக் கொள்வதில்லை. எவ்வாறாயினும் நூல் பரவியது. உடலில் யோகிகள் கூறும் ஏழு இடங்களுக்குரிய மந்திரங்களுக்கு நிகராக அதில் அல்லாஹ்வின் திருநாமங்கள் தரப்பட்டன. கோரக்கர் ஹிள்ரு (அலை) அவர்களோடும், மச்சேந்திரர் யூனுஸ் (அலை) அவர்களோடும் ஒப்பிடப்பட்டனர். மச்சேந்திரரின் பெயரில் மீன் இருப்பதே இவ்வொப்பீட்டிற்குப் போதுமானதாயிற்று. இத்தகைய ஒப்பீடுகள் இலக்கியச் சுவை தருவன, அகீதாவுக்கு அடிப்படையாகா.

ஹிஜ்ரி 970இல் மறைந்த ஷத்தாரி ஞானி குவாலியர் முஹம்மது கவ்ஸ், அந்நூலைப் 'பஹ்ருல் ஹயாத்' எனப் பாரசீகத்தில் விரித்தெழுதினார். அரபுப் படியில் சிலவாக இருந்த ஆசனங்கள் இவர் கையில் இருபதை ஒட்டிப் பெருகின. 1600க்கும் 1604க்கும் இடையில் இளவரசர் ஸலீமுக்காக அலகாபாத்தில் இதன் ஓவியப் படி ஒன்று தயாரிக்கப்பட்டது. இன்று அது டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஆசனங்களை ஒழுங்காக வரிசைப்படுத்திக் காட்டும் ஓவியங்களுள் மிகப் பழையவை ஒரு முஸ்லிம் ஞானியின் பாரசீக நூலில் கிடைக்கின்றன என்பது, யோகாவை இந்துச் சொத்து என்பாரும் முஸ்லிமுக்கு முற்றும் புறம்பானது என்பாரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. முஹம்மது கவ்ஸ் மீது குஜராத்தில் ஆலிம்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்ததுண்டு. அவ்வெதிர்ப்பு, தமக்கு விண்ணேற்றம் வாய்த்ததாக அவர் கூறியதை முன்னிட்டது. யோக நூலை முன்னிட்டதன்று.

இளவரசர் ஸலீமுக்காகவே 1597-98இல் நிஜாம் பானிபத்தி யோக வாசிட்டச் சுருக்கத்தைப் பாரசீகமாக்கினார். பின்னர் தாரா ஷிகோவும் அதே நூலுக்கு வேறொரு மொழிபெயர்ப்புச் செய்வித்தார். இதில் ஆசனத்திற்கு இடமே இல்லை எனலாம். முழுவதும் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி. இதன் தமிழ் வடிவமே வீரை ஆளவந்தாரின் 'ஞானவாசிட்டம்'.

தமிழகத்திற்கு வருவோம். பதஞ்சலி கூறிய எட்டு உறுப்புகளையும் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் தமிழாக்கித் தந்தார். இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் முன்னே நிற்க, ஆதனம் மூன்றாவதாக வருகிறது. மூச்சு, புலனடக்கம், தாரணை, தியானம், சமாதி என அதன் பின்னும் ஐந்து படிகள் உள்ளன. கொல்லாமையும் வாய்மையும் கள்ளாமையும் கைவராதவனுக்கு ஆசனத்தால் ஆவதொன்றில்லை என்பதே இவ்வரிசையின் பொருள். சித்தர் மரபின் இச்சொற்களைத் தமிழ் முஸ்லிம் ஞானியர் தயக்கமின்றிக் கையாண்டனர். தக்கலை பீர் முஹம்மது அப்பாவின் நூல்களுள் ஒன்று 'திருமெய்ஞ்ஞானச் சரநூல்'. சரம் என்பது மூச்சு. அரபியிலும் 'நஃப்ஸ்' என்னும் ஆன்மாவும் 'நஃபஸ்' என்னும் மூச்சும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை நினைவிற் கொண்டு அந்நூலைப் படித்தல் வேண்டும். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு 'அகத்தீசர் சதகம்' பாடினார். அவர் கீழக்கரை தைக்கா சாகிபிடம் ஷரீஅத் கல்வி பெற்ற ஆலிம் என்பதை, அவரைச் சித்தர் வரிசையில் மட்டும் வைத்துப் போற்றுவோர் சொல்வதில்லை.

இப்பின்னணியில் திருவண்ணாமலையை நோக்கலாம். 1896 செப்டம்பர் முதல் நாள், மதுரையிலிருந்து வேங்கடராமன் என்னும் 16 வயது இளைஞர் இவ்வூருக்கு வந்தார். ரமண மகரிஷி எனப் பின்னர் அறியப்பட்ட அவர், 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை இவ்வூரை விட்டு நீங்கவில்லை. அவர் ஆசனம் எதையும் கற்பிக்கவில்லை. 1901-02ஐ ஒட்டிச் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு அவர் எழுத்தால் அளித்த விடைகளே 'நானார்?' என்னும் சிறு நூலாயின. மூச்சடக்கத்தைக்கூட அவர் மனத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் துணையாக மட்டுமே மதித்தார். மனம் எங்கிருந்து எழுகிறது என விசாரிப்பதே நிலையான வழி என்றார். ஞானவாசிட்டத்தின் கருத்துகளைத் தம் 'உள்ளது நாற்பது அனுபந்த'த்தில் சேர்த்துக்கொண்டார். முகலாய அரண்மனை மொழிபெயர்த்துப் படித்த அதே மரபு, இம்மலைக் குகையிலும் பயிலப்பட்டது.

அவரை நாடி வந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அலகாபாத்திலிருந்து வந்த பேராசிரியர் ஹாஃபிஸ் சையத் கற்றறிந்தவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பல. ஆயினும் எம் சிந்தையை அதிகம் ஈர்ப்பவர் தேசூரைச் சேர்ந்த மஸ்தான் என்னும் நெசவாளி. நெய்துகொண்டிருக்கும்போதே உள்ளம் ஒடுங்கித் தறி நின்றுவிடும் இயல்பினர் அவர். தேசூர் அகிலாண்டம்மாளோடு திருவண்ணாமலைக்குக் கால்நடையாகவே வந்து போவார். விரூபாட்சிக் குகையில் ரமணரை முதலிற் கண்டபோது நெடுநேரம் நின்ற நிலையிலேயே நின்றார் என்பர். தம் தறியில் நெய்த துணியைக் கோவணத்திற்காகக் கொண்டுவந்து கொடுப்பார். 1931இல் அவர் மறைந்தபோது, திருமந்திரம் கூறும் முறைப்படி அவரை அடக்கம் செய்ய ரமணர் குஞ்சு சுவாமியை அனுப்பினார்.

இச்செய்திகள் அனைத்தும் ஆசிரமத்தார் நினைவுகளாகப் பதிவானவை. ஜனாஸாத் தொழுகைக்குரிய ஒருவருக்குச் சைவ மரபின் அடக்கம் நிகழ்ந்தது என்பது, படிக்கும் முஸ்லிமின் உள்ளத்தை உறுத்தவே செய்யும். உறுத்தாமலிருப்பின் அதுவே வியப்பு. மறைந்த ஓர் ஏழை நெசவாளியின் ஈமானை அளப்பது எம் பணியன்று. அது அல்லாஹ்விடம் உள்ளது. நாம் ஆராயத்தக்கது, அவர் அங்கே எதன் முன் நின்றார் என்பதையே. அவர் நின்றது ஓர் உடற்பயிற்சியின் முன்னன்று, ஒரு வினாவின் முன். அவ்வினாவுக்கு நம் மரபு தரும் விடையை அவருக்கு எடுத்துரைக்க அன்று தேசூர்ப் பக்கம் ஓர் ஆலிம் இருந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும் என்று எம் மனம் விழைகிறது.

தன்னை அறிதலை இறைவனை அறிதலோடு இணைக்கும் புகழ்பெற்ற அரபு வாசகம் நம்மிடையே ஹதீஸ் எனவே வழங்குகிறது. அது நபி (ஸல்) அவர்களின் வாக்காக நிறுவப்படவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) கூறினார். யஹ்யா இப்னு முஆத் அவர்களின் கூற்றெனக் கொள்வாரும் உண்டு. மேடைகளில் இதை ரமணரின் விசாரத்தோடு ஒன்றெனப் பேசுவோர், வாசகத்தின் இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றனர். 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று தேடினால் அந்த 'நான்' கரைந்துபோகும், எஞ்சுவதே மெய்ப்பொருள் என்பது ரமணரின் முடிவு. பதஞ்சலியோ ஆன்மா இயற்கையிலிருந்து பிரிந்து தனித்து நிற்பதை முடிவாகக் கொண்டார். அவ்விருவருக்குள்ளேயே வேறுபாடு உண்டு. இஸ்லாத்தில் தன்னை அறிதல் என்பது, தான் அடிமை என்று அறிதல்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. திருவண்ணாமலையில் வினாவை எழுப்புபவன் மனிதன். தன்னையே நோக்கி எழுப்புகிறான். திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்தில் (7:172) வினா இறைவனிடமிருந்து வருகிறது. ஆதமுடைய மக்கள் அனைவரையும் சாட்சியாக்கி, தான் அவர்களுடைய இரட்சகன் அல்லவா என்று அவன் கேட்கிறான். அவர்கள் ஆம் என்கின்றனர். 'பலா' என்னும் அவ்வொரு சொல்லே மனிதன் முதன்முதலாகச் சொன்ன விடை. பக்தாதின் ஜுனைது (ரஹ்) ஹிஜ்ரி 298இல் மறைந்தவர். இவ்வுடன்படிக்கையைப் பற்றியே 'கிதாபுல் மீஸாக்' என்னும் நூலை எழுதினார். ஃபனா என்னும் தன்னழிவு அந்நாளைய நிலைக்குத் திரும்புதல் என்றார். ஆனால் அங்கேயே அவர் நிறுத்தவில்லை. அழிந்தவன் மீண்டும் தெளிவுக்கு வருதல் வேண்டும், ஏவல் விலக்கல்களைத் தாங்கி மக்களிடையே அடிமையாக வாழ்தல் வேண்டும் என்றார். 'ஸஹ்வு' என்னும் அத்தெளிநிலை அவர் மரபில் மயக்கநிலையைவிட உயர்ந்தது. ஜுனைதின் கணக்கில், நின்றுபோன தறி மீண்டும் ஓடத் தொடங்கும் பொழுதே ஞானத்தின் அடுத்த படி தொடங்குகிறது.